தனி கிராஃபிக்ஸ் கார்டா, இன்டெக்ரேட்டட் போதுமா? செட்டிநாட்டு வளவுகளில் லேப்டாப் தூக்கிய மூன்று வருடம்

2024 புரட்டாசி. பள்ளத்தூர் பக்கம் ஒரு பெரிய வீடு. வளவை, அதாவது வீட்டின் நடு முற்றத்தை, சுற்றிய தாழ்வாரத்தில் பாய் விரித்து, நடுவில் என் லேப்டாப்பை வைத்து, பங்காளிகள் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். கூரை ஓடு மாற்றும் வேலையை எங்கிருந்து தொடங்குவது, யார் பங்கு எவ்வளவு என்று முடிவெடுக்க வேண்டிய நாள். அதற்காகவே அந்த வீட்டை முழுதாக முப்பரிமாணத்தில் செய்து கொண்டுபோயிருந்தேன். முகப்பில் நுழைந்து, வளவுக்கு வந்து, மேலே நிமிர்ந்து கூரையைப் பார்க்கும் இடத்தில் படம் திக்கித் திக்கி நகர்ந்தது. ஃபேன் உச்சத்தில் இரைந்தது. எண்பதைத் தாண்டிய ஆச்சி ஒருவர், "தம்பி, அந்தச் சத்தத்தக் கொஞ்சம் நிறுத்துப்பா, நீ சொல்றது ஒண்ணும் காதுல விழல" என்றார். அடுத்த சில நிமிடங்களில் பேட்டரி 20 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. பிளக் எங்கே என்று கேட்டேன். முகப்பில் ஒன்று இருந்தது. பழைய காலத்து இரண்டு துளை வட்டப் பிளக். என் சார்ஜரின் மூன்று கால் அதில் போகாது.

அன்றைக்குக் கூட்டம் முடிவில்லாமல் கலைந்தது. சென்னை, கோயம்புத்தூர், கோலாலம்பூர் என்று பிரிந்திருப்பவர்கள் மறுபடி ஒன்றாக வர நான்கு மாதம் ஆனது. அதற்குள் ஐப்பசி மழை அந்தக் கூரை வழியே இறங்கி, வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில் ஒரு தேக்கு உத்தரத்தை ஊறவைத்துவிட்டது. லேப்டாப் சரியாக ஓடியிருந்தால் அந்த உத்தரம் தப்பித்திருக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் அன்றிலிருந்து இந்தக் கேள்வியை நான் ரொம்பவே கவனமாக எடுத்துக்கொள்கிறேன்: பெரிய விலை கொடுத்து வாங்கும் லேப்டாப்பில், திரையில் படத்தை வரையும் கிராஃபிக்ஸ் கார்டு தனியாக இருக்க வேண்டுமா, ப்ராசஸரோடு சேர்ந்து வரும் இன்டெக்ரேட்டட் கிராஃபிக்ஸே போதுமா?

நான் காரைக்குடியில் இருந்துகொண்டு பழைய வீடுகளை அளந்து வரைபடம் போடுபவன். செட்டிநாட்டு ஊர்களின் தொகுப்பு 2014 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இருக்கிறது. அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், ஒவ்வொரு வீட்டுக்கும் ஒழுகும் கூரையும், சம்மதிக்க வேண்டிய பத்துப் பதினைந்து பங்காளிகளும் இருக்கிறார்கள். வரைபடத்தைக் காட்டினால் பாதிப் பேருக்குப் புரியாது. வீட்டுக்குள் நடந்து போவது போலக் காட்டினால் ஆச்சிகள்கூட "அந்தத் தூணுக்குப் பின்னால காமி" என்று கேட்பார்கள். அதனால் ஒரு வீட்டுக்கு ஆயிரத்தைந்நூறு, இரண்டாயிரம் படம் எடுத்து, அவற்றைச் சேர்த்து மெஷ் என்ற முப்பரிமாண வலை வடிவம் கட்டி, அதைப் படமாக்கி, அதாவது ரெண்டர் செய்து, கடைசியில் அதே வீட்டின் வளவில் உட்கார்ந்து காட்டுகிறோம். மெஷ் கட்டுவது, ரெண்டர் செய்வது, காட்டுவது இவை மூன்றும் கிராஃபிக்ஸிடம் கேட்பது மூன்று வேறு விஷயம். 2023இல் முதல் நல்ல லேப்டாப்பை வாங்கும்போது இது எனக்குத் தெரியாது.

அப்போது கடையில் கேட்டாலும் நண்பர்களைக் கேட்டாலும் ஒரே பதில்தான். "முப்பரிமாண வேலையா? தனி கார்டு உள்ள கேமிங் லேப்டாப் எடுங்க." எடுத்தேன். 8 ஜிபி நினைவகம் உள்ள தனி கார்டு. சார்ஜரோடு சேர்த்துத் தூக்கினால் மூன்று கிலோவுக்கு மேல். அலுவலக மேசையில் பிளக்கில் மாட்டி வைத்தால் அருமையாக வேலை செய்தது, அதில் இன்றைக்கும் எனக்குக் குறையில்லை. வளவுக்குக் கொண்டுபோனபோதுதான் எல்லாம் மாறியது.

ஏன் மாறியது என்று பிற்பாடு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். விமானத்தில் தனி அனுமதி இல்லாமல் கொண்டுபோகக்கூடிய பேட்டரியின் அளவு 100 வாட்ஹவர். அதனால் எவ்வளவு பெரிய லேப்டாப்பாக இருந்தாலும் பேட்டரியை 99 வாட்ஹவரோடு நிறுத்திக்கொள்கிறார்கள். தனி கார்டும் ப்ராசஸரும் முழு மூச்சில் சேர்ந்து 150 வாட் இழுத்தால், அந்த 99 வாட்ஹவர் 40 நிமிடத்தில் தீர்ந்துவிடும். அதோடு பேட்டரியால் அவ்வளவு மின்சாரத்தை ஒரே நேரத்தில் பாதுகாப்பாகக் கொடுக்கவும் முடியாது. ஆகவே சார்ஜரைப் பிடுங்கிய நொடியே லேப்டாப் தன் கார்டைத் தானே கட்டிப்போடுகிறது. கடையில் சார்ஜர் மாட்டிய நிலையில் பார்த்த வேகம் வளவில் கிடைக்காது. அது பழுதே இல்லை, அப்படித்தான் அதை வடிவமைத்திருக்கிறார்கள். வாங்குபவருக்கு இதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை என்பதுதான் என் வருத்தம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தனி கார்டு உள்ள லேப்டாப்பில் இரண்டு கிராஃபிக்ஸ் இருக்கும். சாதாரண வேலைக்கு ப்ராசஸரோடு வரும் கிராஃபிக்ஸ், கனமான வேலைக்குத் தனி கார்டு. கார்டு செய்யும் என்விடியா இந்த மாறும் ஏற்பாட்டை ஆப்டிமஸ் என்ற பெயரில் 2010இலேயே கொண்டுவந்துவிட்டது. ஆனால் பல லேப்டாப்களில் எச்டிஎம்ஐ துளை நேராகத் தனி கார்டோடுதான் இணைந்திருக்கிறது. ப்ரொஜெக்டரை மாட்டினால் ஒரு வெறும் பிடிஎஃப் காட்டினாலும் தனி கார்டு விழித்துக்கொள்ளும், பேட்டரி குறையும், ஃபேன் சுற்றும். இரண்டு கூட்டங்களில் இது எனக்கு நடந்தது. விண்டோஸில் டிஸ்ப்ளே அமைப்புக்குள் கிராஃபிக்ஸ் என்ற பக்கத்தில், எந்த மென்பொருள் எந்த கிராஃபிக்ஸில் ஓட வேண்டும் என்று ஒவ்வொன்றுக்கும் சொல்லிவைக்கலாம். அதைச் செய்தாலும் எச்டிஎம்ஐ இணைப்பு மாறாது. யுஎஸ்பி-சி துளை வழியாகப் படத்தை எடுத்தால் சில லேப்டாப்களில் தனி கார்டு தூங்கிக்கொண்டே இருக்கும். வாங்கும் முன் எந்தத் துளை எதனோடு இணைந்திருக்கிறது என்று கேட்டுவிடுங்கள்.

அப்புறம் சுண்ணாம்புத் தூசி. பழைய சுவரைச் சுரண்டும் வீட்டில் காற்றோடு அது மிதந்துகொண்டே இருக்கும். கேமிங் லேப்டாப்பின் ஃபேன் அதை அப்படியே உள்ளே இழுக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை திறந்து ஊதிச் சுத்தம் செய்யாவிட்டால் சூடு ஏறி வேகம் குறைவதைக் கண்ணால் பார்க்கலாம். பாயிலோ ஜமுக்காளத்திலோ நேராக வைத்தால் அடியில் காற்றுப் போகாது. நாங்கள் இப்போது பையிலேயே ஓர் ஆத்தங்குடிக் கல்லை வைத்திருக்கிறோம். கண்ணாடியில் வார்த்த கல் ஆயிற்றே, தளம் மழமழவென்று சமமாக இருக்கும், குளுமையாகவும் இருக்கும். அதன்மேல் லேப்டாப்பை வைத்தால் அடிக்கால்கள் தூக்கி நிற்கும் இடைவெளியில் காற்றுப் போகிறது. கடையில் விற்கும் கூலிங் ஸ்டாண்டைவிட இது எனக்குப் பிடித்திருக்கிறது.

சரி, இதுவரை சொன்னது எல்லாம் தனி கார்டுக்கு எதிராகப் போவது போல இருக்கும். விஷயம் அவ்வளவு நேரானது இல்லை.

2025 தை மாதம் அதே வீட்டில் இரண்டாம் கூட்டம். முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்காகக் குடும்பமே வந்திருந்தது. இந்த முறை நான் வீடு முழுவதற்கும் மிகத் துல்லியமான தளப் படங்களை, அதாவது மெஷ்ஷின் மேல் ஒட்டும் படங்களை, போட்டிருந்தேன். ஆத்தங்குடிப் பூக்கள், நிலைக்கதவின் செதுக்கல் எல்லாம் அருகில் போனாலும் மங்கக் கூடாது என்று ஒவ்வோர் அறைக்கும் 8கே அளவில் ஒரு படம். முந்தின இரவு ரெண்டர் போட்டால், கிராஃபிக்ஸ் நினைவகம் போதவில்லை என்று வேலை நின்றுவிட்டது. மறுபடி போட்டேன், மறுபடி நின்றது. கணக்கைப் பாருங்கள்: 8192க்கு 8192 புள்ளி உள்ள ஒரு படம், வட்டில் பத்து எம்பி ஜேபெக்காக இருந்தாலும், கார்டுக்குள் விரிந்தால் 256 எம்பி. அப்படி 30 படம் என்றால் 7.5 ஜிபி. என்னிடம் இருந்தது 8 ஜிபி. அதிலும் கொஞ்சம் விண்டோஸுக்குப் போய்விடும். வீட்டின் மெஷ்ஷுக்கு இடமே இல்லை.

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் பேரன் ஒருவர் இதைக் கவனித்துக்கொண்டிருந்தார். "அண்ணே, என் மெஷின்ல போட்டுப் பாருங்க" என்று தன் மேக்புக்கை நீட்டினார். எம்4 ப்ரோ சிப், 48 ஜிபி நினைவகம். தனி கார்டு கிடையாது. ப்ளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் அதே ஃபைலைத் திறந்தோம். திறந்தது, ரெண்டரும் ஆனது. சின்ன ஃபைல்களில் என் லேப்டாப் அதைவிடச் சற்று வேகமாகவே முடிக்கும். ஆனால் என்னுடையது தொடங்கவே முடியாத வேலையை அது நிதானமாகச் செய்து முடித்தது. ஃபேன் சத்தம் கேட்கக் காதைக் கிட்டே கொண்டுபோக வேண்டியிருந்தது.

அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. தனி கார்டில் நினைவகம் ஒரு சுவர். 8 ஜிபி என்றால் 8 ஜிபி, அதைத் தாண்டினால் வேலை நிற்கும், அல்லது பக்கத்து ரேமிலிருந்து இழுத்து இழுத்து ஊர்ந்து போகும். சேர்ந்த கிராஃபிக்ஸில் ப்ராசஸருக்கும் கிராஃபிக்ஸுக்கும் ஒரே ரேம். கூட்டுக் குடும்பத்துப் பொது அரிசிப் பானை போல, யாருக்கு எவ்வளவு தேவையோ எடுத்துக்கொள்ளலாம், பானை பெரிதாக இருக்கும்வரை. ஆப்பிள் இந்த வழிக்கு 2020 நவம்பரில் எம்1 சிப்போடு வந்தது. எஎம்டி 2025 ஜனவரியில் அறிவித்த ரைசன் ஏஐ மேக்ஸ் பிளஸ் 395 விண்டோஸ் பக்கத்தில் அதையே செய்கிறது. 40 கிராஃபிக்ஸ் அலகு, 128 ஜிபி வரை ரேம், அதில் 96 ஜிபி வரை கிராஃபிக்ஸுக்கே ஒதுக்கலாம். அதன் நினைவக வேகம் நொடிக்கு 256 ஜிபி. லேப்டாப்பில் வரும் என்விடியாவின் 8 ஜிபி ஆர்டிஎக்ஸ் 4060 கார்டின் நினைவக வேகமும் அதே 256தான். வேகம் ஒன்று, இடம் 12 மடங்கு. ஆசஸின் ஃப்ளோ இசட்13, எச்பியின் இசட்புக் அல்ட்ரா இரண்டிலும் இந்தச் சிப் வருகிறது.

ஆனால் "இன்டெக்ரேட்டட்" என்று எழுதிய எல்லாமே இப்படி இல்லை. என்னோடு வேலை செய்யும் தம்பி இந்தக் கதையைக் கேட்ட உற்சாகத்தில் ஒரு மெல்லிய லேப்டாப் வாங்கினான். 16 ஜிபி ரேம், ஒரே குச்சி. வளவுக் காட்சியை ஓட்டினால் நகரவே இல்லை. சேர்ந்த கிராஃபிக்ஸ் உயிர்வாழ்வதே ரேமின் வேகத்தில்தான். டிடிஆர்5 5600 ரேம் இரண்டு குச்சியாக இருந்தால் நொடிக்கு 89.6 ஜிபி, ஒரே குச்சி என்றால் 44.8. பாதித் தண்ணீர்தான் வருகிறது. இன்டெல்லின் கோர் அல்ட்ரா முதல் தலைமுறையில் இது பெயரிலேயே தெரியும். ரேம் இரட்டைத் தடத்தில் இல்லாவிட்டால் "ஆர்க் கிராஃபிக்ஸ்" என்று காட்டாது, வெறும் "இன்டெல் கிராஃபிக்ஸ்" என்றுதான் வரும். தம்பியின் லேப்டாப்பில் நல்லவேளையாக இன்னொரு துளை காலியாக இருந்தது. இன்னொரு 16 ஜிபி போட்டதும் அதே மெஷின் வேறு மெஷின் போல ஓடியது. உயர்விலை லேப்டாப்களில் பெரும்பாலும் அந்தத் துளையே கிடையாது. ரேம் பலகையோடு பற்ற வைத்திருக்கும். இன்டெல் கோர் அல்ட்ரா 200வி வரிசையில் ரேம் சிப்போடு ஒரே பொட்டலத்தில் வருகிறது, 16 அல்லது 32 ஜிபி, அதற்கு மேல் இல்லை. வாங்கும் நாளில் எடுத்ததுதான் கடைசிவரை. 2025 கடைசியிலிருந்து ரேம் விலை கண்டபடி ஏறியிருக்கிறது. அதனால் பலர் 16 ஜிபியோடு நிறுத்திக்கொள்ள நினைப்பார்கள். கிராஃபிக்ஸும் அதே ரேமைத்தான் சாப்பிடும் என்பதை மறந்துவிடாதீர்கள். வேறு எதையாவது குறையுங்கள், இதைக் குறைக்காதீர்கள்.

நான் 2025 நடுவில் அந்த 200வி வரிசையில் 32 ஜிபி லேப்டாப் ஒன்று வாங்கினேன். வீடுகளில் காட்டுவதற்கு இதுவரை என் கையில் வந்த மிகச் சிறந்த பொருள் அதுதான். காலையில் காரைக்குடியில் சார்ஜ் ஏற்றினால் கானாடுகாத்தானில் ஒரு வீடு, கொத்தமங்கலத்தில் ஒரு வீடு பார்த்துவிட்டுத் திரும்பும்வரை தாங்குகிறது. சத்தம் இல்லை. ஒரு கையில் பிடித்துக்கொண்டே மெத்தைக்கு, அதாவது மாடிக்கு, ஏறலாம். கூட வேறொன்றும் செய்தேன். காட்டுவதற்கென்று தனி ஃபைல் வைத்து, படங்களை 8கேயிலிருந்து 4கேக்குச் சுருக்கினேன். 256 எம்பி படம் 64 எம்பி ஆகிவிடுகிறது. முப்பதும் சேர்ந்தால் 2 ஜிபிகூட இல்லை. அந்தச் சிறிய திரையில் எந்த ஆச்சிக்கும் வித்தியாசம் தெரியவில்லை. நேர்மையாகச் சொல்கிறேன், இந்தச் சுருக்கிய ஃபைல் என் பழைய லேப்டாப்பிலும் நன்றாகவே ஓடியது. புரட்டாசியில் நடந்ததில் ஒரு பங்கு என் ஃபைலுடையது. புது லேப்டாப்புக்குப் பணம் எடுக்கும் முன் ஃபைலைச் சுருக்கிப் பாருங்கள்.

மெஷ் கட்டுவதில்தான் இந்த மெல்லிய லேப்டாப் கைவிரித்தது. நான் பயன்படுத்தும் ரியாலிட்டிகேப்சர், இப்போது ரியாலிட்டிஸ்கேன் என்று பெயர் மாறியிருக்கிறது, மெஷ் கட்ட, என்விடியாவுக்கே உரிய குடா என்ற கணக்கிடும் வசதி உள்ள கார்டையே கேட்கிறது. மற்ற கிராஃபிக்ஸ் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் பேச்சே இல்லை. ப்ளெண்டர் அப்படி இல்லை. என்விடியாவுக்கு ஆப்டிக்ஸ், எஎம்டிக்கு ஹிப், இன்டெல் ஆர்க்குக்கு ஒன்ஏபிஐ, ஆப்பிளுக்கு மெட்டல் என்று எல்லா வழியும் திறந்திருக்கிறது. ஆகவே "எது வேகம்" என்று கேட்கும் முன், உங்கள் சோறு எந்த மென்பொருளில் இருக்கிறதோ அது எந்த கிராஃபிக்ஸை ஏற்கிறது என்று அதன் தேவைப் பட்டியலைத் திறந்து பார்த்துவிடுங்கள். இந்த ஒரு வரியைப் படிக்காமல் வாங்கிவிட்டு மாற்ற முடியாமல் தவித்த இருவரை எனக்குத் தெரியும்.

இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. தேவகோட்டையில் கல்யாண வீடியோ எடிட் செய்யும் நண்பர் ஒருவர், தனி கார்டு இருந்தும் தன் புது கேமராவின் 4:2:2 10 பிட் எச்.265 என்ற வகை வீடியோ ஃபைல்கள் திணறுகின்றன என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்த வகை ஃபைலை விரிக்கும் வன்பொருள் வசதி என்விடியாவில் 50 வரிசைக் கார்டுகளில்தான் வந்தது. இன்டெல் ப்ராசஸரோடு வரும் குயிக் சிங்க் என்ற வீடியோ பகுதியில் அது சில தலைமுறையாகவே இருக்கிறது. அவர் லேப்டாப்பிலேயே சும்மா கிடந்த சேர்ந்த கிராஃபிக்ஸை அந்த வேலைக்குத் திருப்பிவிட்டதும் காட்சி தடையில்லாமல் ஓடியது. ஒரு பைசா செலவில்லை.

இப்போது வரப்போகும் லேப்டாப்களைப் பற்றி. தம்பியும் நானும் இதைப் பற்றிப் பேசாத நாளில்லை. 2024இல் டெல் எக்ஸ்பிஎஸ் 16இல் ஆர்டிஎக்ஸ் 4070 வரை தனி கார்டு போட்டு வாங்க முடிந்தது. 2026 ஜனவரியில் அறிவித்த எக்ஸ்பிஎஸ் 14, 16 இரண்டும் சேர்ந்த கிராஃபிக்ஸோடு மட்டுமே வருகின்றன. உள்ளே இருப்பது இன்டெல்லின் கோர் அல்ட்ரா 3 வரிசை, பேந்தர் லேக் என்று சொல்வார்களே, அது. மேல்நிலைச் சிப்களில் 12 எக்ஸ்இ3 கோர் உள்ள ஆர்க் பி390 கிராஃபிக்ஸ். என் 200வி லேப்டாப்பில் இருப்பது 8 கோர்.

தம்பிக்கு இதில் கோபம்தான். "அண்ணே, அவ்வளவு விலை வாங்கிட்டுத் தனி கார்டே இல்லன்னா எப்படிண்ணே? அதே காசுக்கு 5070 உள்ள கேமிங் லேப்டாப் வருது, மிச்சத்துக்கு ஒரு நல்ல மானிட்டரும் வாங்கலாம்." அவன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. விலைக்கு விலை வைத்துப் பார்த்தால், பிளக்கில் மாட்டிய நிலையில், தனி கார்டை இன்றும் சேர்ந்த கிராஃபிக்ஸ் எட்டவில்லை. பெரிய ரேமோடு வரும் எஎம்டியின் 395 சிப் லேப்டாப்களின் விலையும் எட்டாத உயரத்தில்தான் இருக்கிறது. தம்பி வீட்டுக்காரர்கள் முன்னால் உட்கார்ந்து காட்டுவதில்லை. காரைக்குடி செக்காலையில் ஓர் அறை எடுத்துத் தங்கி, இரவெல்லாம் ரெண்டர் போடுகிறான். மேசைக்கு ஒரு கை தூரத்தில் பிளக். அவனுக்கு மெல்லிய லேப்டாப் வாங்கச் சொல்வது என் வசதியை அவன் தலையில் கட்டுவதாகும்.

ஆனால் கார்டின் பெயரைப் பார்த்து வாங்காதே என்று அவனிடம் சொன்னேன். லேப்டாப்பில் ஆர்டிஎக்ஸ் 5060க்கும் 8 ஜிபி, 5070க்கும் 8 ஜிபி. 5070 டிஐ போனால்தான் 12, 5080இல் 16, 5090இல் 24. எங்கள் வேலைக்கு எண் ஏறுவதைவிட ஜிபி ஏறுவதே முக்கியம். பெயர் ஒன்றாக இருந்தாலும் வாட் வேறு. ஆர்டிஎக்ஸ் 4060ஐ 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை லேப்டாப் செய்பவர்கள் தங்கள் இஷ்டப்படி வைக்கலாம். மெல்லிய பெட்டியில் அடைத்த கார்டும் தடித்த பெட்டியில் உள்ள கார்டும் ஒரே பெயரில் விற்கும், ஒரே வேலை செய்யாது. எத்தனை வாட் என்று விவரத்தாளில் இல்லை என்றால் கடைக்காரரிடம் கேளுங்கள், அவருக்கும் தெரியவில்லை என்றால் அந்த மாடலின் சோதனை முடிவுகளைப் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள்.

இன்டெல்லும் என்விடியாவும் 2025 செப்டம்பரில் சேர்ந்து ஓர் அறிவிப்பு விட்டன. இன்டெல் ப்ராசஸரும் ஆர்டிஎக்ஸ் கிராஃபிக்ஸும் ஒரே பொட்டலத்தில் வரப்போகின்றன, என்விடியா இன்டெல்லில் 500 கோடி டாலர் முதலீடு செய்கிறது என்று. குடாவும் பொது நினைவகமும் ஒன்றாகக் கிடைத்தால் என் போன்றவர்களுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? இருந்தாலும் இதற்காக இப்போது வாங்குவதைத் தள்ளிப்போட மாட்டேன். 2018இல் இன்டெல் தன் ப்ராசஸரோடு எஎம்டியின் ரேடியான் கிராஃபிக்ஸை ஒரே பொட்டலத்தில் சேர்த்துக் கொண்டுவந்தது. மறு வருடமே நிறுத்தப்போவதாக அறிவித்துவிட்டார்கள். இரு வீட்டார் சேர்ந்து கட்டிய சிப்புக்கு இரண்டாம் தலைமுறை வந்த பிறகு வாங்குவதே எனக்குச் சரியாகப் படுகிறது.

கடைக்குப் போகும்போது இப்போது நான் செய்வது இதுதான். என் மிகக் கனமான ஃபைலைப் பென்டிரைவில் எடுத்துக்கொள்கிறேன். மதுரையிலோ திருச்சியிலோ காட்சிக்கு வைத்திருக்கும் மெஷினில் அனுமதி கேட்டு அதைத் திறக்கிறேன். டாஸ்க் மேனேஜரில் ஜிபியு பக்கத்தைத் திறந்தால் டெடிகேட்டட் மெமரி, ஷேர்டு மெமரி என்று இரண்டு வரைபடம் தெரியும். டெடிகேட்டட் உச்சத்தைத் தொட்டு ஷேர்டு ஏறத் தொடங்கினால், அந்தக் கார்டுக்கு என் வீடு பெரிது என்று பொருள். அப்புறம் சார்ஜரைப் பிடுங்கச் சொல்வேன். பத்து நிமிடம் அப்படியே ஓடவிட்டுப் படம் திக்குகிறதா, ஃபேன் எவ்வளவு இரைகிறது என்று பார்ப்பேன். சில கடைகளில் முகம் சுளிப்பார்கள். பரவாயில்லை. லட்சக்கணக்கில் கொடுக்கும் பணத்துக்குப் பத்து நிமிடம் கேட்பது தவறே இல்லை.

எங்கள் அலுவலகத்தில் இப்போது என்விடியாவின் 16 ஜிபி தனி கார்டு ஒரு மேசைக் கணினியில் உட்கார்ந்திருக்கிறது. மேசைக் கணினியில் அதே காசுக்கு அதிக ஜிபி கிடைக்கிறது, தூசியைத் துடைப்பது எளிது, பழுதானால் கார்டை மட்டும் மாற்றலாம். மெஷ்ஷும் பெரிய ரெண்டரும் அங்கே. பகலில் எடுத்த படங்களை ஒரு எஸ்எஸ்டியில் தம்பி கையில் கொடுத்துவிட்டால், இரவு அவன் அறையிலிருந்து ரிமோட்டில் அந்தக் கணினியை ஓட்டுகிறான். இப்படி ஏற்பாடு ஆனபின் தம்பியும் தனி கார்டு லேப்டாப் வாங்கும் எண்ணத்தைக் கொஞ்சம் ஒத்திவைத்திருக்கிறான். மாதக்கணக்கில் ஊர் ஊராகப் போய் அங்கேயே மெஷ் கட்டி முடித்துக் கொடுக்க வேண்டிய வேலை வந்தால், 12 ஜிபி கார்டு உள்ள தடித்த லேப்டாப்பைத்தான் நானும் தூக்குவேன்.

பள்ளத்தூர் வீட்டுக்குப் போன மாதம் மறுபடி போனேன். தையில் கிடைத்த சம்மதத்தில் கூரை வேலை முடிந்து, ஊறிப்போன உத்தரத்தையும் மாற்றியாகிவிட்டது. இப்போது மெத்தையில் இரண்டு அறை. ஆச்சியால் படியேற முடியவில்லை, அதனால் கீழே வளவிலேயே உட்கார்ந்து லேப்டாப்பை மடியில் வாங்கிக்கொண்டார். சார்ஜர் காரிலேயே இருந்தது. தான் கல்யாணமாகி வந்த புதிதில் இருந்த அறையில் ஜன்னலுக்குப் பக்கத்துச் சுவர் வெடித்திருப்பதைத் திரையில் பார்த்துவிட்டு, "இத முதல்ல பாருங்கப்பா, பூச்சு அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். நாங்களும் அந்தச் சுவரிலிருந்துதான் தொடங்கியிருக்கிறோம்.